சோபியா செய்யும் காற்று

பெருமதிப்பிற்குரிய மச்சான் சார்லஸ் அவர்களுக்கு,

ஆவூரிலிருந்து தங்கள் தங்கை ஜெயராணியின் கணவன் மரிய அந்தோணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். போன வாரமாக இருந்தால் இந்த வரியை எழுதக் கை வந்திருக்காது. போனில் சொன்னால் பாதியிலேயே தாங்கள் புத்திமதி ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

மகள் சோபியா பெங்களூரில் காற்று சம்பந்தமான ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது தாங்கள் அறிந்ததே. சென்ற வாரம் அவள் தன் அம்மாவிடம் போனில், "சாப்பிடவே நேரமில்லம்மா, இன்னைக்கும் ஹெலிகாப்டர் கப்பல்ல மோதிருச்சு, பைலட் டீ குடிக்கப் போயிருக்காரு" என்று சொன்னாள். அதோடு டவர் போய்விட்டது. ஜெயராணி தோசையைக் கருகவிட்டு, "செத்த மனுசன் எப்படிங்க டீ குடிப்பாரு?" என்று அழ ஆரம்பித்தாள். டிவியில் செய்தி வரவில்லை, பேப்பரிலும் இல்லை, அப்படியென்றால் கவர்மெண்ட் மறைக்கிறது என்று நான் முடிவுகட்டி, பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்ல, அவரும் பூசையில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த ஆன்மாக்களுக்காக வேண்டச் சொல்லிவிட்டார். அம்புட்டுதான், ஊரே வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிச்சிருச்சு. பிள்ளை போனை எடுக்கலை. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், கையோட கூட்டிட்டு வந்துருவோம்னு ரெண்டு பேரும் விராலிமலையில பஸ் ஏறிட்டோம்.

பெங்களூர்ல அவ ஆபீசுக்குப் போனா கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஒரு பெரிய ரூம்; சுத்திலும் திரை, நடுவுல ஹெலிகாப்டரோட மூக்கு மட்டும் வச்சிருக்காங்க. "பைலட்டுங்க ஓட்டிப் பழகுற மிஷின், மோதுனது இதுதாம்ப்பா"ன்னு சோபியா சிரிக்கிறா. ராஜினாமா பண்ணுன்னு நான் கத்த, "ஒரு தடவை ஒக்காந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்"னு என்னையப் பிடிச்சு உள்ள ஒக்கார வச்சுட்டா. திரையில கடல், கப்பல் எல்லாம் தத்ரூபமா ஆடுது. கப்பல்கிட்ட போனதும் சீட்டே கிடந்து உதறுது, நான் அங்கிட்டுத் திருப்புனா அது இங்கிட்டு இழுக்குது, டமார்னு கப்பல்ல இடிச்சு நான் "சேசுவே!"ன்னு அலற, ஜெயராணி, "எந்திரிங்க, தரையிலதான் இருக்கீங்க"ன்னா.

பெறகு சோபியா விளக்குனா. ஹைவேஸ்ல லாரி நம்மளைத் தாண்டுனா டிவிஎஸ் வண்டி ஆடும்ல, அது மாதிரி கப்பலோட கட்டடத்துல பட்ட காத்து பின்னாடி, ஹெலிகாப்டர் இறங்குற எடத்துல சுழட்டி அடிக்குமாம். ஹெலிகாப்டர் விசிறி தள்ளுற காத்தும் அதோட கலக்குமாம். முன்னெல்லாம் இந்த மிஷின்ல, முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்ச காத்தைத்தான் ஓடவிடுவாங்களாம். இப்ப பைலட் கை அசைய அசைய, அந்த நொடியே கம்ப்யூட்டர் காத்தைப் புதுசா கணக்குப் போடுது. அந்தக் கணக்கை எழுதுறதுதான் நம்ம பிள்ளை வேலை.

டீ குடிச்ச பைலட்டும் வந்தாரு. "ஐயா, உங்க பொண்ணு செய்யுற காத்துல இங்க மோதி மோதிப் பழகுறதாலதான் நான் கடல்ல மோதாம வீட்டுக்குப் போறேன்"னாரு. ராஜினாமா பேச்சை அங்கயே விட்டுட்டேன். ஜெயராணி தானும் ஒரு தடவை ஓட்டுறேன்னு ஏறி, நேரா கடலுக்குள்ள விட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே எறங்குனா. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

ஆகவே, தாங்கள் கவலையின்றி இருக்கவும். சோபியா கப்பல் பக்கமே போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பத்திரமான உத்தியோகம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தங்கள் குடும்பத்தைப் பெரிய நாயகி மாதா காத்தருள்வாளாக.

இப்படிக்கு,
மரிய அந்தோணி

பி.கு.: கவரை ஒட்டும்போது சோபியா போன் செய்தாள். கம்ப்யூட்டர் காத்து நெசக் காத்து மாதிரி இருக்கான்னு அளந்து பார்க்க அவளை நெசக் கப்பலுக்கே அனுப்புறாங்களாம். போறது ஹெலிகாப்டர்லதானாம். பிள்ளை குதியா குதிக்குது. ஜெயராணிக்கு இன்னும் தெரியாது. அடுத்த பஸ்ஸுக்கு வந்து நீங்களே சொல்லிருங்க மச்சான்.