மாடிக்குக் குடிபோன கௌதம்

திருமுல்லைவாயில்,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் பரந்தாமன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புஷ்பாவின் கணவன் கஜபதி வணக்கத்துடன் எழுதுவது. ஓசூரில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மூவரும் இப்போது இரண்டு வீடாக இருப்பதால் கீழ்வீட்டைப் பற்றி மட்டும்தான் என்னால் உறுதி சொல்ல முடியும். கீழ்வீட்டில் எனக்கு முட்டிவலி, உங்கள் தங்கைக்கு என்மேல் கோபம், மற்றபடி நலம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் பக்கத்திலிருந்து புஷ்பா இரண்டு திருத்தம் சொல்கிறாள். அவள் ஆவடி மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புறப்பட்டு வந்து, மாடியில் தனிக்குடித்தனம் நடத்தும் என் மகன் கௌதமிடம், 'கீழே வந்து அப்பா அம்மாவோடு இருடா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்பதில்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பான். தவிர, இதையெல்லாம் ஆரம்பித்து வைத்ததும் நீங்கள்தான்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, இலையில் வடையைப் பிட்டுக்கொண்டே, "ஏன் மாப்ளே, உங்க ரெண்டு பேருக்கும் அப்புறம் இவன் இன்னா பண்ணுவான்?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு நீங்கள் சாயங்கால பஸ் பிடித்துப் போய்விட்டீர்கள். கேள்வி இங்கேயே தங்கிவிட்டது. கௌதமுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. நான்கு வயதில்தான் நடந்தான். இவனுக்கு அறிவு வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். எழுத்து வராது, இருபது வரை எண்ணுவான், ஐந்து வேலையை வரிசையாகச் சொன்னால் மூன்றாவதில் நின்று நம் முகத்தைப் பார்ப்பான். ஆனால் ஒன்று பழகிவிட்டால் பழகியதுதான், யார் வந்து மாற்றச் சொன்னாலும் மாற்ற மாட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஸ்க்ரூ பாக்கெட் போடும் வேலைக்கு இரண்டு வருஷமாகப் போகிறான். நான் ஆவடி தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன், இவன் அளவுக்கு நேரத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

உங்கள் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் அவனுடைய பயிற்சி மையத்தில் சுரேகா மேடத்திடம் கொட்டினேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "மாடி போர்ஷன்ல குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்களே சார், அதை அவனுக்குக் குடுங்க. மேலே அவன், கீழே நீங்க. நீங்க ரெண்டு பேரும் தெம்பா இருக்கறப்பவே பழகட்டும்" என்றார். சித்திரையில் பால் காய்ச்சிக் குடிபோனான். சுரேகா மேடம் வந்து அவனுக்காகப் படம் வரைந்த சீட்டுகளைச் சுவரில் ஒட்டினார். உப்புமா கிளற ஒரு சீட்டு, துணி துவைக்க ஒரு சீட்டு, வேலைக்குக் கிளம்ப ஒரு சீட்டு. ஒவ்வொன்றிலும் முதலில் இது, அடுத்து இது என்று வரிசையாகப் படம். எனக்கும் சட்டம் போட்டார். பெல் அடிக்காமல் உள்ளே போகக் கூடாது. அவன் கேட்காமல் உதவி செய்யக் கூடாது. கை பரபரத்தால் மனதுக்குள் நூறு வரை எண்ண வேண்டும். மச்சான், நான் முப்பதைத் தாண்டியதில்லை.

முதல் வாரமே ஒருநாள் காலையில் மேலேயிருந்து பால் தீயும் வாசனை வந்தது. என்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு ஓடினேன். அடுப்படிக்குப் போக விடாமல் குறுக்கே வந்து நின்றான்.

"நைனா, நீ பெல் அடிக்கல."

"டேய், பால் பொங்குதுடா!"

"பெல் அடி."

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெல் அடித்தேன். அவன் நிதானமாக வந்து, கதவு திறக்கும் சீட்டைப் பார்த்து, உள்ளேயிருந்தே "யாரு?" என்றான். "உங்கப்பன்டா!" என்றேன். "இன்னா விஷயம்?" என்றான். நான் விஷயத்தைச் சொல்லி, அவன் யோசித்து, தாழ்ப்பாளை நீக்குவதற்குள் அரை லிட்டர் பாலும் அடுப்பு மேடையில். அவனேதான் துடைத்தான், குறை சொல்லக் கூடாது. துடைத்தது எதனால் என்றால், நான் ரிடையர் ஆன அன்று போர்த்திய பொன்னாடையால்.

உப்புமாவை இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டான். பிறகு நாற்பது நாளும் உப்புமாதான். அடுத்த சீட்டு எலுமிச்சை சாதம் என்று தெரிந்தபோது அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம், ஏனென்றால் அவன் தினமும் அம்மாவுக்கென்று ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பான், அவள் அதை எனக்குத் தள்ளிவிடுவாள்.

மொட்டை மாடி விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். பக்கத்து வீட்டுத் துலுக்கானம் சொல்லாத ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். வேலைக்குக் கிளம்பும்போது காஸ், ஃபேன், குழாய் மூன்றையும் அணைக்கிறானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மேலே அவன் வீட்டுக்குள் போகக் கூடாது என்றுதானே சட்டம், அதற்கும் மேலே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், அங்கிருந்து குனிந்து அவன் அடுப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு அவன் படியேறி வரும் சத்தம் கேட்டது. எனக்கு இன்னது செய்வதென்று தெரியவில்லை. அறுபத்து மூன்று வயது மனிதன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அவன் வந்தான், மொட்டை மாடிக் கதவைப் படிப் பக்கமிருந்து பூட்டினான், இழுத்துப் பார்த்தான், போய்விட்டான். கத்தியிருந்தால் திறந்திருப்பான். கத்தினால் ஒளிந்திருந்தது தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். புஷ்பா ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். போன் கீழே சார்ஜில். வைகாசி வெயில் உங்களுக்குத் தெரியாததா? பத்தரைக்குத் துலுக்கானம் துணி காயப்போடத் தன் மாடிக்கு வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, அங்க இன்னா பண்ணிகினு கீறே?"

"டேங்க் கழுவ வந்தேன்பா."

"வெள்ள வேட்டி கட்டிகினா டேங்க் கழுவறே?"

ஏணி கொண்டுவந்தார், மறுக்கவில்லை. ஆனால் ஏணி வருவதற்கு முன் தெரு வந்துவிட்டது. பெற்ற பிள்ளை அப்பனை மாடியில் வைத்துப் பூட்டிவிட்டான் என்று மண்ணூர்பேட்டையிலிருந்து என் சித்தப்பா மகன் போன் செய்து துக்கம் விசாரித்தான். சாயங்காலம் கௌதம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நைனா, டேங்க் பின்னாடி இன்னா பண்ணிகினு இருந்த?" என்றான்.

"பாத்தியாடா? பாத்துட்டா பூட்டின?"

"சீட்டுல பூட்டுதான் போட்டுகீது. நைனா போடல."

சுரேகா மேடத்திடம் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. "சார், பயிற்சி உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றார். சரி, இனிமேல் எட்டிப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். கௌதமையும் கூப்பிட்டு, "தொட்டதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடக் கூடாது. சின்ன விஷயமெல்லாம் நீயே பாத்துக்கணும்" என்று பெரிய மனிதனாகச் சொல்லி வைத்தேன்.

இதுவரைக்கும் நீங்கள் சிரித்திருப்பீர்கள். இனிமேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் நான்கு நாள் நான் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் புஷ்பா, "ஏங்க, இன்னிக்குக் கிண்ணமும் வரல, மேல தண்ணி புழங்குற சத்தமே கேக்கலியே" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நூறு வரைக்கும் எண்ணு" என்றேன். சட்டத்தை எனக்குப் போட்டார்கள், நான் அதை அவள் தலையில் வைத்தேன். அவள் உள்ளே போனாள். நான்காம் நாள் சாயங்காலம் பட்டறை சூப்பர்வைசர் சம்பத் போன் செய்தார். "சார், கௌதம் ரெண்டு நாளா வேலைக்கு வரல, ஊருக்கு எதுனா போயிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அப்போதும் போய் பெல்லைத்தான் அடித்தேன் மச்சான். யாரும் வரவில்லை. சாவியைப் போட்டுத் திறந்தேன். சமையலறைத் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது, உதடு வெடித்திருந்தது. சுவரில் இருந்த அத்தனை சீட்டையும் பிய்த்துத் தன்னைச் சுற்றிப் பரப்பி வைத்திருந்தான். உப்புமா சீட்டு, துணி துவைக்கிற சீட்டு, கதவு திறக்கிற சீட்டு, எல்லாம்.

"ஜொரத்துக்கு சீட்டு இல்ல நைனா. தேடிப் பாத்துட்டேன்" என்றான்.

"ஒரு குரல் குடுக்கக் கூடாதாடா?"

"சின்ன விஷயத்துக்குக் கூப்புடாதன்னு சொன்னல்ல. இது சின்னதா பெருசா, எனக்குத் தெரியல."

அவனைத் தூக்கி நிறுத்தினேன். ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனோம். விஷக் காய்ச்சல், இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் படுக்கை போட்டுச் சேர்த்திருக்க வேண்டும் என்றார். கீழ்வீட்டில் படுக்க வைத்தோம். புஷ்பா என்னைத் திட்டவில்லை. ஆறு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். சுரேகா மேடம் வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என் தப்பு சார், முதல்ல போட்டிருக்க வேண்டிய சீட்டு அதுதான்" என்று சொல்லிக்கொண்டே ஒன்று வரைந்தார். நெற்றியில் கை, பக்கத்தில் போன், போனுக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலையோடு நான். இன்னொன்றும் போட்டார். சின்னதா பெருசா தெரியாவிட்டால், அதற்கும் அதே வழுக்கைத் தலை.

ஏழாம் நாள் காலையில் கௌதம் பாயைச் சுருட்டினான். "ஜொரம் போச்சு. நான் ஊட்டுக்குப் போறேன்" என்றான்.

"இதான்டா ஊடு" என்றேன்.

"இது உன் ஊடு நைனா."

போய்விட்டான். அன்றிலிருந்து அவன் சரியாகத்தான் இருக்கிறான். நான்தான் சரியில்லை. மேலே சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். நாற்காலியை மாடிப்படிக்கு நேராகப் போட்டுக்கொண்டு அங்கேயே சாப்பிடுகிறேன். இருபத்தாறு வருஷம் அவன் பின்னாலேயே நடந்த கால் மச்சான், நில் என்றால் அதற்கு நிற்கத் தெரியவில்லை. களைத்துவிட்டேன். எனக்குப் பிறகு அவன் என்ன செய்வான் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் நான் இருக்கும்போதே அதற்குப் பதில் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அவனைக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாடியை யாராவது கணவன் மனைவிக்கு விட்டுவிடலாம், அவர்கள் வீட்டில் பால் பொங்கினால் எனக்கென்ன?

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக வளர வேண்டுமென்று திருமுல்லைவாயில் கோயிலில் உங்கள் எல்லோர் பெயருக்கும் அர்ச்சனை செய்யச் சொல்கிறேன். உங்கள் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து வாசலிலேயே இருக்கும்,
கஜபதி.

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. நேற்று எழுதி டி.வி.க்கு அடியில் வைத்திருந்த இந்தக் கடிதத்தைப் புஷ்பா எடுத்துப் படித்துவிட்டாள். நேராக மாடிக்குப் போய்க் கௌதமிடமே விவரம் சொல்லிவிட்டாள். கௌதம் பிறந்து இத்தனை வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருமுறைகூட வந்ததில்லையாம். உங்கள் மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் வந்தேன், உங்கள் அப்பா காரியத்துக்கு அவள் மட்டும் வந்தாள், யாராவது ஒருவர் கௌதமோடு இருந்தாக வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இருவரும் இறங்கி வந்தார்கள். அவன், "மாமா வர வேணாம். நீங்க போங்க. நான் ரெண்டு ஊட்டையும் பாத்துக்கறேன்" என்றான். சுரேகா மேடம் காலையிலும் சாயங்காலமும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், துலுக்கானம் ராத்திரி துணைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஆகையால் மச்சான், நீங்கள் புறப்பட வேண்டாம். நாளை காலை பூந்தமல்லியில் ஓசூர் பஸ் ஏறுகிறோம். அனேகமாக இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் வந்து சேர்ந்துவிடுவோம். "மூணு நாள்ல வந்துடறோம்டா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பத்து நாள் இருந்துட்டு வா நைனா. உனக்குத் தூக்கமே இல்ல" என்றான். வந்ததும் எனக்கு ஒரு பாய் மட்டும் போட்டுக் கொடுங்கள். சாப்பாட்டுக்குக்கூட எழுப்ப வேண்டாம்.