பன்னிரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள்

ஹமமாட்சு, ஜப்பான்,
ஞாயிறு மாலை.

அம்மா போன பிறகு என்னை அதட்டுவதற்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே ஜீவனான ஜுரெமா அக்காவுக்கு, தம்பி ஒஸ்மார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் மகள் மாய்ராவும் நலம். உன் நலத்தையும், உன் முழங்காலின் நலத்தையும், பிரேசிலில் நம் ஊரான உபெராபாவில் மழை எப்படி என்பதையும் அறிய ஆவல்.

நிற்க. "பாட்டு கீட்டெல்லாம் போதும், வியாழக்கிழமை விமானத்தில் அவளை ஏற்றி அனுப்பு, பல் டாக்டரிடம் வேலை பேசி முடித்துவிட்டேன்" என்ற உன் உத்தரவு கிடைத்தது. அக்கா, அவளை அனுப்ப முடியாது. உடனே கத்தாதே. உட்கார்ந்து படி. தப்பு முழுக்க என் வாயுடையது.

மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல், ரயில் நிலையத்துக்குப் பின்னால் தரைக்கடியில் இருக்கிற காபிக் கடையில், தானே கட்டிய பாட்டுகளைக் கிடார் வைத்துப் பாடுகிறாளே, அதற்கு இந்த ஊர் ஜனங்களின் கூட்டம் வரத்தான் செய்கிறது. வரும், உட்காரும், அதோடு சரி. ஒருத்தர் கூடச் சேர்ந்து பாட மாட்டார், எழுந்து ஆட மாட்டார், பக்கத்து மேசைக்காரரிடம் வம்பு கூடப் பேச மாட்டார். நம்ம ஊர்ச் சாவு வீட்டிலேயே இதைவிடக் கலகலப்பு உண்டு. போன வாரம் வீட்டுக்கு வந்தவள் கிடாரைக் கட்டிலில் போட்டுவிட்டு, "மாமா, நான் இவங்களுக்குப் பாட்டுப் பாடறேனா, இல்ல ஆபரேஷன் பண்றேனா? ஒருத்தர் அசையலியே! அம்மா சொல்றதுதான் சரி, நான் போயிடறேன்" என்று பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கினாள். இருபது வருஷமாகத் தொழிற்சாலை இயந்திரத்தோடு மட்டும் பேசிப் பழகினவன் என்ன ஆறுதல் சொல்லிவிட முடியும்?

நேற்று அவளுடைய கடைசிக் கச்சேரி. போகிறவர்களை வழியனுப்ப நான் வாசலில் நின்றேன். நம்ம ஜனங்களின் வாய்தான் உனக்குத் தெரியுமே, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாமல் யாரையாவது அனுப்பியிருக்கிறோமா? யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே அத்தனை பேரையும் கூப்பிடுகிறோம்! தபால்காரனைக் கூட நீ வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாய், ஒரு நாளாவது வந்தானா? அந்தப் பழக்கத்தில் நானும் சொல்லித் தொலைத்தேன். மருந்துக்கடை வைத்திருக்கிற ஹிராயாமா-சான் (இங்கே மரியாதைக்குப் பேரோடு 'சான்' ஒட்டுவார்கள்) சட்டென்று நின்று குனிந்து, "என்னைக்கு வரட்டும்?" என்று கேட்டார் பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உளறிவிட்டேன், "நாளைக்கே வாங்க!" என்று. பின்னாலிருந்து ஒரு அம்மாள், "எத்தனை மணிக்கு?" என்றாள். "பன்னிரண்டு!" என்றேன். நம் கணக்கில் பன்னிரண்டு என்றால் இரண்டு மணிக்குக் குளிக்கப் போவது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இன்றைக்குப் பன்னிரண்டு அடிக்கவில்லை, அழைப்பு மணி அடித்தது. நான் பனியனோடு போய்த் திறந்தேன். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, கையில் பெட்டியில் வைத்த முலாம்பழத்தோடு ஹிராயாமா-சான். அவருக்குப் பின்னால் மாடிப்படி நெடுக, கீழே சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் ஒற்றை வரிசை, ஆளுக்கொரு பொட்டலம். "கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டோம், மன்னிக்கணும்" என்றார். அடுப்பில் வெந்ததோ எங்கள் இரண்டு பேருக்கான கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும்.

"மாய்ரா! பீன்ஸ்ல தண்ணிய ஊத்து!"

"எவ்வளவு மாமா?"

"குழாயத் திறந்து விட்டுடுடி!"

இருக்கிற இரண்டு அறையில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது அவள் பெட்டி. நேற்று மணி கேட்ட அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். "ஊருக்கா? எப்ப திரும்பி வருவீங்க?"

"வரமாட்டேன்" என்றாள் உன் மகள், நேராக.

ஹிராயாமா-சான் கரண்டியை வைத்துவிட்டு, "நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?" என்றார்.

"நீங்க ஒண்ணுமே பண்ணலையே! மூணு வருஷத்துல ஒரு வரியாவது கூடச் சேர்ந்து பாடினீங்களா?"

மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க பாடறப்ப நாங்க வாயைத் திறந்தா உங்க குரல் எப்படிம்மா கேக்கும்?"

"அப்ப பாட்டு தெரியுமா உங்களுக்கு?"

அவர் மற்றவர்களைப் பார்த்தார். கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்கார ஷிமோதா அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சத்தம் ஆகாது என்று நான் எச்சரித்திருந்தேன். அதனால் எல்லோரும் ரகசியம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்கள். அக்கா, உன் பாட்டு! கொடியில் துணியைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து மழையைத் திட்டுவாயே, அதை வைத்து அவள் கட்டியது. நம் பாஷையில், ஒரு சொல் பிசகாமல், பாதிரியார் காதில் விழக்கூடாத அந்த வசவு உட்பட, அத்தனை பேரும் பாடினார்கள். உன் மகள் அகப்பையும் கையுமாக நின்று தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

கதவு தட்டப்பட்டது. படி முழுக்கக் கிடந்த செருப்புகளைத் தாண்டி ஷிமோதா அம்மா நின்றாள். "ஒஸ்மார்-சான், என்ன நடக்குது இங்க?"

"மன்னிச்சுக்குங்கம்மா, மெதுவாத்தான் பாடறோம்."

"அதான் பிரச்சினை. கீழே ஒண்ணும் சரியாக் கேக்கல" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் போனதும் மாய்ரா பெட்டியைக் காலி செய்து பரணில் ஏற்றிவிட்டாள். சனிக்கிழமைக்குப் புதுப்பாட்டு கட்டுகிறாள், மூடிய கதவுக்குள்ளிருந்து கேட்கிறது. ஆகையால் பல் டாக்டரிடம் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு. என் மேல் கோபப்படு, அவள் மேல் வேண்டாம். எல்லாப் புனிதர்களும் உன் முழங்காலைக் காப்பாற்றட்டும்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும் தம்பி,
ஒஸ்மார்

பின்குறிப்பு: அவளை அனுப்ப முடியாது என்று மேலே எழுதியதை அடித்துவிடு, அனுப்புகிறேன். வழியனுப்பும்போது இந்தப் பாழாய்ப்போன வாய், "உபெராபா பக்கம் வந்தா எங்க அக்கா வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டது. ஹிராயாமா-சான் உடனே, "அங்க எந்த மாசம் மழை பெய்யும்?" என்று கேட்டார். ஜனவரியில் மாய்ரா அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறாள், ஷிமோதா அம்மா உட்பட. உன் முற்றத்தில்தான் கச்சேரி, முடிந்ததும் அவர்களோடு திரும்பிவிடுவாள். தபால்காரனையும் கூப்பிடு. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, முன்னாடியே குளித்துவிடு. மழை வந்தால் வெட்கப்படாமல் திட்டு. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.