வரம்புக்கு மேலே எங்கள் வீடு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். அண்ணியும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். நீ நலமென்பதைத் தினமும் டிவி விவாதத்தில் பார்த்துக்கொள்கிறோம். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், குரல் மட்டும் இளைக்கவில்லை. போன் செய்தால் உன் உதவியாளர் எடுத்து, "அண்ணன் கட்சி ஆபீஸ்ல இருக்காருங்க, உங்க கோரிக்கையைச் சொல்லுங்க" என்கிறார். கூடப்பிறந்தவனிடம் சொல்வதைக் கோரிக்கையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

விலை உயர்ந்த வீடுகளுக்குத் தனி வரி என்று உன் கட்சி சொன்னபோது முதலில் கைதட்டியவள் நான். கல்லூரி நூலகத்தில் என்னோடு வேலை செய்பவர்களிடம், "இருக்கிறவங்க கொடுத்தா என்ன குறைஞ்சுடும்?" என்று வாதாடினேன். இருக்கிறவர்கள் என்றதும் என் கண்ணுக்குள் வந்தது எப்போதும் வேறு ஏதோ ஒரு தெருதான். அப்புறம் ஒரு நாள் விவாதத்தில் நெறியாளர், "விலை உயர்ந்த வீடுன்னா எது சார்? ஒரு உதாரணம் சொல்லுங்க" என்று உன்னை மடக்கினார். நீ தண்ணீர் குடித்தாய். குடித்துவிட்டு, "நீல கேட், வளைஞ்ச பால்கனி, ஆறு அறை, குடியிருக்கிறது ரெண்டே பேர், ஒரு அறையில உடைஞ்ச நாற்காலியா அடைச்சு வச்சிருக்காங்க" என்றாய். அண்ணா, அந்த நாற்காலிகள் எங்கள் மாடி அறையில் இருப்பது அங்கே வந்து படுத்துத் தூங்கிய உனக்குத்தானே தெரியும்? என் கணவர் அதற்குமேல் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் புல் வெட்ட வருபவர், "அக்கா, உங்க வீட்டை டிவில சொன்னாங்களே!" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே கூலியை ஏற்றிவிட்டார். எதிர்வீட்டு டாக்டரம்மா கேட்டருகே நின்று, "நாங்கல்லாம் உங்க அளவுக்கு வர முடியுமா?" என்றார். மாமனார் இந்த வீட்டைக் கட்டும்போது இந்தப் பக்கம் வாடகை வண்டிகூட வராதாம். பிறகு தெரு பெரிய தெருவாகிவிட்டது. எங்கள் சம்பளத்துக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. வீட்டுக்கு வரி கட்ட வேண்டுமென்றால் வீட்டை விற்றால்தான் உண்டு. விற்றுவிட்டு எங்கே போவது என்று யோசித்தால் ராத்திரி கண் மூட மாட்டேன் என்கிறது.

என் கணவர் வேறு விதமாக யோசித்தார். "ரெண்டு பேர் இருக்கிறதுதானே குத்தம்? ஆளைக் கூட்டிடுவோம்!" என்று தன் அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா, அவர் கணவர், மூன்று பிள்ளைகள், ஒரு தையல் மெஷின், எல்லாம் ஒரே லாரியில் வந்து இறங்கின. அன்று மாலையே நீ டிவியில், "எங்க நிலைப்பாடு தெளிவா இருக்கு. எத்தனை பேர் இருக்காங்கங்கிறது முக்கியமில்ல, மனையோட விலையும் முக்கியமில்ல, கட்டடத்தோட மதிப்புதான் முக்கியம்" என்றாய். நான் நாத்தனாரிடம் மெதுவாக, "இனிமே உங்களுக்குச் சிரமம் வேண்டாமேக்கா" என்றேன். "சிரமமா? தம்பி கூப்பிட்டானேன்னு இருந்த வாடகை வீட்டையே காலி பண்ணிட்டில்ல வந்திருக்கோம்!" என்றார். அடுத்த நாள், கூட்டுக் குடும்பங்களுக்கு விலக்கு உண்டு என்றாய். வீட்டில் ஒரே ஆரவாரம். அதற்கடுத்த நாள், அது நீ சொன்னதே தவிரக் கட்சி சொன்னதல்ல என்று கட்சி சொன்னது. கட்சி சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்று நீ சொன்னாய். ஒரே குளியலறையை வைத்துக்கொண்டு ஏழு பேர் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அண்ணா.

வரியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நியாயமான வரிதான். எங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று எழுதும்போது கை கூசுகிறது. கூசினாலும் எழுதிவிட்டேன், எழுதியதை அடிக்கவும் இல்லை. இத்தனை விலைக்கு மேல் போனால் வரி என்கிற அந்த வரம்பைக் கொஞ்சம் மேலே ஏற்றச் சொல். எங்கள் வீடு அதற்குக் கீழே வந்தால் போதும். இந்த வீட்டை விட்டுப் போக எனக்குத் தெம்பில்லை.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உனக்கும் உன் கட்சிக்கும் சீக்கிரமே ஒரே கருத்து அமையட்டும்.

உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நாத்தனாரின் கணவர் தனக்குத் தெரிந்த வீட்டு மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்து வந்துவிட்டார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். மாடிப்படியில் ஒரு காலை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார். "இதையா டிவில சொன்னாங்க? விலை தெருவுக்குத்தாங்க, உங்க வீட்டுக்கில்ல" என்றார். வரம்பில் பாதிகூடத் தேறாதாம். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகும்வரை. என் கணவர் சாப்பிடவில்லை. "தெருவில யார்கிட்டயும், முக்கியமா டாக்டரம்மாகிட்ட, மூச்சு விட்டுடாதீங்க" என்று அக்கா குடும்பத்தைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. வரம்பைப் பாதியாக இறக்கச் சொல். அதற்கும் நாங்கள் எட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறக்கு. வரியை எப்படியாவது கட்டித் தொலைக்கிறோம்.