டாக்டர் ஐயாவின் 'இம்மாதம் நான்'

சுதந்திர இலங்கை கண்ட மாபெரும் இலக்கியச் சாதனை எது என்று யாராவது என்னைக் கேட்டால் (இதுவரை யாரும் கேட்கவில்லை), எங்கள் தோட்ட மருந்துச்சாலையிலிருந்து மாதந்தோறும் வெளிவந்த 'இம்மாதம் நான்' என்ற ஏடுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

தேயிலைத் தோட்டம், உடப்புசல்லாவைப் பக்கம். ஏட்டின் ஆசிரியர் திரு. அம்பலவாணர். உத்தியோகத்தில் மருந்து கலக்கித் தருபவர், தோட்டத்து ஜனங்களுக்கு 'டாக்டர் ஐயா', தமிழன்னைக்கு எழுத்தாளர். அவர் சொல்லச் சொல்ல எழுதி, காரியாலயத்து ரோனியோ யந்திரத்தில் பிரதி எடுத்துத் தரும் பாக்கியம் சின்ன கிளார்க்கான எனக்கு வாய்த்திருந்தது.

முதற் பகுதி அவருடைய வாழ்க்கை: அந்த மாதம் அவருக்குப் பிடித்த சளித் தடிமன், அது விட்டுப்போன விதம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனங்கிழங்குப் புழுக்கொடியலின் தரம், புதிய கம்பளிச் சட்டை. அடுத்தது வாசிப்பு. மாயக் கதைகளைத் தவிர வேறெதையும் அவர் தொடமாட்டார்.

"உலகத்திலை நடக்கிறதைப் பாக்கிறதுக்கு எழுத்தாளன் எதுக்கு, ஐசே? அதைத்தான் எல்லாரும் பாக்கினமே" என்பார். 'ஐசே' என்றால் நான்.

மருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சீசாவோடு ஒரு பிரதியும் கொடுத்தார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு. அவ்வளவு 'பெரிய மனசு'.

ஆனி மாத ஏடு தயாராகிக்கொண்டிருந்த சனிக்கிழமை பிற்பகல், நல்ல மழை. ஐயா சாய்வு நாற்காலியில் ஒரு தடித்த புத்தகத்தோடு கிடந்தார். நான் பக்கத்தில் தாளும் பேனாவுமாக இருந்தேன். அப்போது கொழுந்து மலையில் வேலை செய்யும் மாயாண்டி, சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே ஓடிவந்தான்.

"ஐயா, ஏம் பொஞ்சாதி பூரணிக்குக் காலையில புடிச்ச வலிங்க. புள்ள திரும்பிக் கெடக்காம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும்னு பேச்சியம்மா சொல்லிட்டாங்க. ஒரு துண்டு எழுதிக் குடுங்கய்யா."

பேச்சியம்மா, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மருத்துவச்சி. துண்டு என்பது நாலு வரிச் சீட்டு. அம்பலவாணர் கையெழுத்திட்ட துண்டு இல்லாமல் நோயாளி எவரையும் தோட்டத்து லொறியில் ஏற்றக்கூடாது என்பது சட்டம்.

ஐயா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொறும். இளவரசி கண்ணாடி மலைக்குக் கீழை மயங்கிக் கிடக்கிறாள். மூலிகையோடை பறக்கிற குதிரை இன்னும் வரேல்லை."

"இவளும் மயங்கி மயங்கித்தாங்க விழுறா."

"அவவுக்கு ஆர் மூலிகை கொண்டு வருகினம்?"

"நீங்கதாங்க ஐயா!"

ஐயா நெகிழ்ந்துபோனார். "இதை எழுதும், ஐசே: 'எளிய மக்கள் என்மீது வைத்திருக்கும் நம்பிக்கை அளவிடற்கரியது.'"

எழுதினேன். மாயாண்டி அவர் காலில் விழுந்தான். ஈரத் தலை பட்டதும் ஐயா காலை மேலே இழுத்துக்கொண்டார்.

"எழுத்தும் பிரசவந்தான், மாயாண்டி. மாசா மாசம் நான் பெறுறன். எனக்கு ஆர் துண்டு எழுதுகினம்? இந்த அத்தியாயம் முடியட்டும்."

அத்தியாயம் நீளமானது. நான் வாய் திறப்பதற்குள் மாயாண்டி எழுந்து மழைக்குள் ஓடிவிட்டான்.

அதன் பிறகு நடந்ததை லொறிச் சாரதி இராமையா சொல்லித்தான் அறிந்தேன். பெண்கள் பூரணியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு பெக்டரிக்கு வந்துவிட்டார்கள். நானுஓயா ஸ்டேஷனுக்குப் போகத் தேயிலைப் பெட்டிகளோடு லொறி நின்றது.

"துண்டு இல்லாம ஏத்துனா ஏ வேல போயிரும்க்கா" என்றாராம் இராமையா.

"இந்தப் பொட்டிக்கெல்லாம் டாக்டரு துண்டு குடுத்தாரா?" என்றாளாம் பேச்சியம்மா. "இவளும் ஒரு பொட்டின்னு நெனச்சு ஏத்துங்க தம்பி."

ஏற்றினார். வழியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பூரணிக்கு உயிர் மட்டும் மிச்சமிருந்தது, அது தங்கிவிட்டது. பிறந்த பெண் குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று தொடங்கிய ஆஸ்பத்திரி டாக்டர், மாயாண்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். மாயாண்டி குழந்தையைத் தன் தோள் துண்டில் சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். அந்தத் துண்டில் யாரும் கையெழுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

'இம்மாதம் நான்' வழக்கம்போல வெளிவந்தது. 'இளவரசி உயிர்பெற்ற இடத்தில் கண்ணீர் விட்டேன்' என்று எழுதியிருந்தார். உண்மை, நான் பார்த்தேன். கடைசியில், நான் வீட்டுக்குப் போன பிறகு அவர் தம் கைப்பட எழுதிச் சேர்த்த ஒரு குறிப்பு: 'அனுமதியின்றித் தேயிலை லொறியில் ஏற்றிச் சென்றமையால் ஒரு சிசு மரணம். சட்டத்தை மதிப்போமாக.'

இலக்கியத்தின் வலிமையே வலிமை! அந்த வாரமே இராமையாவின் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. பேச்சியம்மா குடியிருந்த லயத்துக் காம்பராவைப் பிடுங்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை விசாரணை வைத்தார். "மாயாண்டி என்னட்டைத் துண்டு கேட்டு வரவேயில்லை" என்று அம்பலவாணர் அங்கே சத்தியம் செய்தார். தம் நற்குணத்துக்குச் சாட்சியாக அவர் அழைத்தது என்னைத்தான்.

"என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னாப் போதும், ஐசே" என்று வாசலில் வைத்து என் தோளைத் தட்டினார்.

துரையின் மேசைக்கு முன்னால் நின்றேன். அழுது வீங்கிய முகத்தோடு மாயாண்டி ஓரமாக நின்றான். என் ஆசானைப் புகழக் கிடைத்த மேடையல்லவா?

"சேர், வாசிப்புல இவருக்கு நிகர் இந்தத் தீவுலயே கெடையாதுங்க. மாயாண்டி கதறிக்கிட்டு உள்ள வந்தப்பவும் ஒரு வரியக்கூட விடல. காலப் புடிச்சு அழுதப்போ பக்கத்தத் திருப்பினாருங்க. தாளு ஒரு பொட்டு கசங்கல. துண்டு எழுதுற பேனாவ நாந்தான் கையில வச்சிருந்தேன். அதக் கேக்கணும்னுகூட அவருக்குத் தோணல. அவ்வளவு ஒருமனசு!"

துரை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

இராமையா மறுநாளே பழையபடி லொறியில் ஏறினார். பேச்சியம்மாவின் காம்பராப் பக்கம் யாரும் போகவில்லை. அம்பலவாணரை மட்டும் அந்த மாதத்தோடு கணக்கு முடித்து அனுப்பினார்கள். போகிற அன்று பெட்டி படுக்கையோடு காரியாலயத்து வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"என்னைப் புகழத்தானே கூட்டிக்கொண்டு போனனான்? ஏன் ஐசே காட்டிக் குடுத்தனீர்?"

"நான் புகழ மட்டுந்தாங்க ஐயா செஞ்சேன்" என்றேன். "நீங்க செஞ்சத ஒண்ணொண்ணாச் சொல்லிப் புகழ்ந்தேன். அத எழுதிப் பாத்தா, குத்தப்பத்திரிகையா வந்திருச்சுங்க."