வைக்கோல் வாயுவில் ஒரு டீ

ஹைதராபாத்தில் எல்லாருக்கும் சாஃப்ட்வேரில் வேலை கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் வைக்கோலை அழுகவைக்கும் வேலையில் இருந்தேன். தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடம். வைக்கோலிலிருந்து கூடுதல் எரிவாயு எடுப்பது எப்படி என்பது ஆராய்ச்சி. (இதைச் சொன்னால் கல்யாணத் தரகரே போனை வைத்துவிடுவார்.)

அப்படியும் ஒரு வரன் வந்தது. பெண் கவிதா, சாஃப்ட்வேர் டெஸ்டர். அப்பா சபாபதி, பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். குறை கண்டுபிடித்தே சாப்பிடுகிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

"என் வைக்கோல் வாயுவிலேயே டீ போட்டுத் தரேன் சார்" என்று போனில் வாயை விட்டேன்.

மல்காஜ்கிரியில் என் வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஒரு சோதனைக் கலன் வைத்திருந்தேன். பெரிய பீப்பாயில் சாணக் கரைசலும் நறுக்கிய வைக்கோலும். அதற்குள் கவிழ்த்த சின்னப் பீப்பாய், வாயு சேரச் சேர மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லை. வைக்கோல் எந்த மாப்பிள்ளைக்காகவும் அவசரப்படாது. வெள்ளிக்கிழமை பதற்றத்தில், மார்க்கெட்டிலிருந்து ஒரு மூட்டை அழுகல் தக்காளி கொண்டுவந்து உள்ளே கொட்டினேன். ஞாயிறு காலை பீப்பாய் விறைப்பாக எழும்பி நின்றது. விஞ்ஞானத்தையே வென்றுவிட்டதாக நினைத்து சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

இருவரும் வந்தார்கள். சபாபதி தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டையில். நான் கலனிலிருந்து குழாய் போட்டிருந்த அடுப்பைத் திறந்து தீக்குச்சியை நீட்டினேன். அணைந்தது. அடுத்த குச்சி. அதுவும். காற்றே இல்லாத மாடியில் என் வாயு ஒவ்வொரு குச்சியையும் ஊதி ஊதி அணைத்தது.

"முன்னாடி ஒரு தடவை பத்தவச்சுப் பார்த்தீங்களா?" என்றாள் கவிதா.

"இல்லை."

"டெஸ்ட் பண்ணாமலே ரிலீஸா?"

தக்காளியால் கலவை புளித்து, எரியாத கரியமில வாயுதான் பொங்கியிருந்தது. (இப்படி ஆகும் என்று நானே ஒரு கருத்தரங்கில் எச்சரித்துப் பேசியிருக்கிறேன்.)

"நக்கோ தம்பி, வேணாம். இது பத்தாது, விடுங்க" என்றார் சபாபதி. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

நான் விடவில்லை. அழுத்தம் போதவில்லை என்று சொல்லி, பீப்பாய் மேல் இரண்டு செங்கல் வைத்தேன். பீப்பாய் ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் சாணமும் தக்காளியும் பீறிட்டு வெள்ளைச் சட்டையில் அடித்தன. கவிதா சிரிப்பை அடக்க மாடிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளித்துவிட்டு, என் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

புளிப்பு முறியக் கலனில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, கையைக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் காத்திருந்தேன். டி-ஷர்ட்டைத் திருப்பித்தர அவர்கள் வந்த அன்று அடுப்பு நீலமாக எரிந்தது. சபாபதி டீயைக் குடித்தார். "டீ சுமார். பையன் பரவாயில்லை."

கல்யாணம் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் விருந்தாளிகள் வந்த வேளையில், "சாதம் கூடுதலாவே வச்சிருக்கேன்" என்று நான் சொன்னால் போதும், மாமனார் ஹாலிலிருந்து குரல் கொடுப்பார்.

"கூடினது சரி மாப்பிள்ளை. பத்துமா?"

சாதம் போதுமா என்று அவர் கேட்பதாக விருந்தாளிகள் நினைத்துக்கொள்வார்கள். கவிதா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.