கனரக லாரியின் டிரைவர் சீட்

இந்த ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏறி உட்கார்ந்தே தீருவது என்று பர்மிட் சார் முடிவு கட்டிவிட்டார். ஏறப் போவது அவரில்லை, அவரைப் போலச் செய்த பொம்மை. லாரியும் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கிற முழங்கை நீளப் பிளாஸ்டிக் லாரிதான். அதனால் என்ன? ஆசைக்கு ஏது அளவு?

கனரக லாரி கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகப் பர்மிட் எழுதுகிறவர். 'பர்மிட் சார்' என்பது டிரைவர்கள் வைத்த பேர். பாலத்தையே அதிர வைக்கிற வண்டிகளும் அவர் எழுதிக் கொடுத்தால்தான் நகரும். அவருக்கு மட்டும் லைசென்ஸுக்கான கண் பரிசோதனையில் மூன்று தடவை கையை விரித்துவிட்டார்கள். தினமும் ஆபீஸ் ஜன்னல் வழியாக அந்த உயரமான சீட்டைப் பார்ப்பார். ஒரே ஒரு தடவை ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போதும், நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவார். ஓட்டி முடித்த பிறகுதான்.

வீட்டில் எல்லாம் தலைகீழ். அங்கே அனுமதி கொடுப்பது மனைவி. தையல்காரி, கூர்மையான கண். அதனால் லாரிப் பெட்டிமேல் 'ஆபீஸ் ஃபைல்' என்று எழுதி அலமாரி உச்சியில் வைத்தார்.

"என்னங்க இது, குலுக்கினா கடகடங்குது?"

"ஃபைல்தான்."

"ஃபைல் கடகடங்குமா?"

"கம்பெனி ரகசியம்! கை வச்சே, என் வேலை போயிடும்."

"எனக்கெதுக்குங்க உங்க ரகசியம்" என்று போய்விட்டாள். நம்பிவிட்டாள், பாவம்.

ஞாயிறுதோறும் அவள் தைத்த துணிகளைக் கொடுத்துவரப் போகும் இரண்டு மணி நேரம்தான் அவருக்குப் பட்டறை. பசை விரலில் ஒட்டும், விரல் மூக்குக்கண்ணாடியில் ஒட்டும். சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும். அலுத்துப்போய் அப்படியே மூடி வைப்பார். அடுத்த ஞாயிறு திறந்தால் அத்தனை சக்கரமும் அட்டென்ஷனில் நிற்கும்!

"அடேயப்பா, பசைன்னா இதுதான் பசை! காயக் காயத் தானா நேராகுதே!" என்று பூரித்துப் போவார். ஆபீசில் நாலு பேருக்கு அந்தப் பசையைச் சிபாரிசுகூடச் செய்தார்.

பெட்டியில் இரண்டு பொம்மைகள், டிரைவர் ஒன்று, கிளீனர் ஒன்று. டிரைவருக்கு நீலச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் வழுக்கை என்று தன்னையே தீட்டிக் காயவைத்திருந்தார். அதை டிரைவர் சீட்டில் உட்கார வைப்பது ஒன்றுதான் பாக்கி.

மனைவி கிளம்பினாள். பெட்டியைத் திறந்தார். தூக்கிவாரிப் போட்டது.

நீலச் சட்டைக்காரர் கிளீனர் சீட்டில் இருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பச்சைப் புடவையும் கொண்டையுமாக ஒருத்தி.

"நல்லா வந்திருக்கா?" என்றது வாசலில் ஒரு குரல். போனவள் போகவே இல்லை; அதே பச்சைப் புடவை, அதே கொண்டை. "வாராவாரம் உங்க சக்கரத்தை நிமிர்த்தி நிமிர்த்தி என் விரலே தேஞ்சுபோச்சு."

"நீயா! அடிப்பாவி, அது என் சீட்டுடி!" பெட்டியைச் சுட்டிக் காட்டினார். "நிஜத்துல கொடுப்பினை இல்லை. இதுலயாவது ஓட்டணும்னு எத்தனை வருஷமா ஏங்கறேன் தெரியுமா?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தெரியாமலா? தூக்கத்துல என் முழங்கையைப் பிடிச்சு கியர் மாத்தறீங்களே."

"அப்போ இடத்தை மாத்திடலாமா?" என்றார் ஆசையாக.

"அதெல்லாம் வேணாங்க. ஆசைக்கு ஹார்ன் அடிச்சுக்குங்க. அடிக்கறதுக்கு முன்னாடி மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."