ஹாலில் ராஜ குடும்பம், கடையில் உன் அம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. நான் சௌக்கியம். போனில் நீ கேட்கும்போதெல்லாம் சௌக்கியம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் கடிதத்திலும் அதையே எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நிற்க, லீவுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வர வேண்டாம். எனக்கு இப்போது மூச்சுவிட நேரமில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். காரணத்தைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மா படத்தை மாட்டியாச்சா, காட்டுங்கள் என்று நீ வீடியோவில் கேட்கும்போதெல்லாம் நான் போனை மின்விசிறிப் பக்கம் திருப்பியது கை நடுக்கத்தால் அல்ல. ஹாலில் அம்மா இல்லை. ஒரு ராஜ குடும்பம் இருக்கிறது.

பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். நீ அனுப்பிய அம்மாவின் போட்டோவை உலோகத் தகட்டில் அச்சடித்துத் தரும் கடையில் கொடுத்தேன். கண்ணாடி வேண்டாம், சட்டம் வேண்டாம், ஆயுசுக்கும் மங்காது என்றார் கடைக்காரர். பார்சல் வந்த அன்றே, மூன்று வாரமாக இதோ அதோ என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த சுவரில் துளை போடுகிறவரும் வந்து நின்றார். பார்சலைப் பிரித்தால் உள்ளே ஆறு தகடுகள். வாளைப் பிடித்தபடி ஒரு ராஜா, விசிறியோடு ஒரு ராணி, நாயோடு ஒரு இளவரசர், தாடி வைத்த கிழ ராஜா, போதாதென்று இன்னும் இரண்டு பேர். எல்லாம் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள், எந்த நாட்டு ராஜாக்களோ தெரியாது. யாரோ ஒரு சரித்திரப் பிரியர் தன் வீட்டுக்குச் செய்யச் சொன்னது இங்கே வந்துவிட்டது. “இன்னைக்கு இல்லேன்னா இனி அடுத்த மாசம்தான் சார்” என்றார் துளை மிஷின்காரர். முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலை டைம் ஆபீஸில் உட்கார்ந்து வந்தவனுக்கெல்லாம் வருகை போட்டவன் நான். வந்த ஆளைத் திருப்பி அனுப்ப எனக்கு வராது. “சரி, இவங்களையே மாட்டுங்க” என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து அவர்களோடுதான் குடித்தனம். தகடுகள் சுவரை ஒட்டாமல் ஒரு விரற்கடை தள்ளி நிற்கின்றன. வாசல் கதவு அடித்தால் ஆறும் சேர்ந்து அதிர்கின்றன. பளபளப்பில் என் முகம் வாள் ராஜாவின் மார்புப் பதக்கத்துக்குக் கீழே தெரிகிறது. சாப்பிட உட்கார்ந்தால் ஆறு பேரும் பார்க்கிறார்கள், பனியனோடு சாப்பிடக் கூச்சமாகிச் சட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். அம்மா இருபது வருஷம் சொல்லியும் நடக்காத காரியம் அது.

கடையைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்ல மாடி வீட்டு நர்ஸ் வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்து அசந்துபோய், “சார், இவங்கல்லாம் உங்க வம்சமா?” என்று கேட்டார். அதற்கு முன் பதினோரு நாளாக என்னை நேரில் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை, ‘இங்க கையெழுத்துப் போடுங்க’ என்ற கூரியர்க்காரரைத் தவிர. இல்லை என்றால் ‘அப்படியா’ என்று போய்விடுவார். “ஆமாம்மா” என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் என்ன, மறுநாள் அவர் எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூட்டி வந்தார், தையல்காரர் தன் மாமியாரைக் கூட்டி வந்தார், மாமியாருக்கு ராணியின் கதை வேண்டும், தையல்காரருக்குக் கோட்டின் கதை வேண்டும், எனக்கோ சரித்திரத்தில் பள்ளிக்கூடத்திலேயே தகராறு, தெரிந்ததெல்லாம் தொழிற்சாலைக் கதைதான், அதையே எடுத்துவிட்டேன். கொதிகலன் மேஸ்திரி மச்சானோடு சண்டை போட்டு மூன்று மாதம் வேலைக்கு வராததைத் தாடி ராஜா நாட்டைத் துறந்து போன கதையாக்கினேன். கேன்டீன் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற தகராறு வாரிசுரிமைப் போராகிவிட்டது. அந்த வாள் இப்போ எங்கே என்று கேட்டார்கள், உள்ளே பெட்டியில் இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இப்போது சாயங்காலம் ஐந்து மணியானால் நாலு நாற்காலி பற்றவில்லை.

இந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் போன் செய்கிறார். தப்பு நடந்துவிட்டதாம், அம்மா அவர் கடை அலமாரியில் பத்திரமாக இருக்கிறாளாம், கொண்டுவந்து மாற்றித் தருகிறாராம். மூன்று தடவை ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். கட்டிய மனைவியை அலமாரியில் விட்டுவிட்டு யாரோ ராஜாவுக்குத் தூசி தட்டுகிறேனே என்று எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன் குட்டிம்மா. அம்மா வந்துவிட்டால் ஹாலில் இரண்டே பேர்தான் இருப்போம், அதில் ஒருத்தி பேசமாட்டாள். அதனால் நீ கடைக்குப் போன் செய்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்று சொல்லிவிடு. ஷிப்டு முடிந்து நான் வருகிறவரை காத்திருந்தவள்தானே, இன்னும் கொஞ்சம் காத்திருப்பாள்.

உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் சேரட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். என்னைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அன்புள்ள,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது கடைக்காரர் ஏணியோடு வந்து நின்றார். ராஜாக்களுக்குச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்துவிட்டாராம். வந்த ஆளைத் திருப்பி அனுப்ப எனக்கு வராதே. பத்து நிமிஷத்தில் ஆறு பேரையும் கழற்றிக்கொண்டு, அம்மாவை மாட்டிவிட்டுப் போய்விட்டார். நாம் மூவரும் நின்ற போட்டோவில் அம்மாவை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறாய். ஆனால் அவள் தோளில் ஒரு கை மிஞ்சியிருக்கிறது, வாட்சோடு.

ஐந்து மணிக்கு நர்ஸ் வந்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன். “எனக்கு அப்பவே தெரியும் சார். கேன்டீன் வெச்ச அரண்மனைய எங்கயாவது கேட்டிருக்கோமா?” என்று சிரித்தார். பிறகு அம்மா படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

“தோள்ல கை யாருது?”

“என்னுதும்மா.”

“விடுங்க சார். போன வாரம் அந்த வாளும் உங்க பெட்டியில இருக்குன்னீங்க” என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

வாட்சைக் காட்டலாம் என்றால் அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அந்த வாட்சை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வா. அது அப்பா கைதான் என்று மாடியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.